ஆடை வடிவமைப்போர் சந்தைக்கு ஆயத்தமாவது எப்படி?

விளைந்த நெல்லைக் களத்தில் குவித்துவிட்டால் மட்டும் குடியானவரின் வேலை முடிந்துவிடுவதில்லை. தூற்றிச் சுத்தம் செய்து, ஈரம் போகக் காயவைத்து, எடையிட்டு மூட்டை கட்டிய பின்னரே அது விலைபேசும் சரக்காகின்றது. ஆடைத் தொழிலும் அத்தகையதே. அழகான ஆடையொன்றை நெய்தோ தைத்தோ முடித்துவிட்டால் அது விற்பனைக்கு ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணுவது தவறு.

நமது கிராமங்களில் இன்று புதிய வகுப்பினர் சிலர் தோன்றியிருக்கின்றனர். 1960இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் பயின்று ஊர் திரும்பிய நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், தையற்கலை கற்ற விவசாயக் குடும்பத்துப் பெண்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோர் பிறர் கொடுத்த மாதிரியைப் பார்த்துச் செய்வதோடு நில்லாமல், தாமே கரையும் நிறமும் வெட்டும் அமைத்து ஆடைகளை உருவாக்குகின்றனர். இவர்களுக்கு முதலாளி இல்லை. கம்பெனியின் பெயரும் இல்லை. தம் கைத்திறனையே முதலாகக் கொண்ட சுயேச்சையான வடிவமைப்பாளர்கள் இவர்கள். இவர்களுடைய முயற்சி வெற்றி பெற்றால் ஊரில் நான்கு தறிகள் ஓடும். பத்துப் பெண்களுக்கு வேலை கிடைக்கும். தோல்வியுற்றால் நூலுக்காக வாங்கிய கடன் மட்டுமே மிஞ்சும்.

தோல்வி பெரும்பாலும் எங்கே நேருகின்றது? ஆடை பிடிக்கவில்லை என்பதால் அன்று. பிடித்துப்போனதனால் வருகின்ற முதல் ஆர்டரில்தான். எனது ஒன்றியத்தில் ஒரு பெண்மணி அமைத்த குர்த்தா நகரத்துக் கடைக்காரர் ஒருவருக்கு மிகவும் பிடித்திருந்தது. தீபாவளிக்கு 60 உருப்படிகள் வேண்டுமென்றார். அந்த அம்மையாரிடம் இருந்த துணி 15 உருப்படிகளுக்கே போதுமானது. மறுமுறை சாயமிட்ட நூல் சற்று வெளிறிய நிறமாக அமைந்தது. மழையில் பாவு காயாமல் நெசவு தாமதமாயிற்று. பண்டிகை கழிந்து சென்ற சரக்கைக் கடைக்காரர் ஏற்க மறுத்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கடனும் சரக்கும் அம்மையார் வீட்டிலேயே தங்கின. இரண்டு தறிகள் சில மாதம் நின்றன.

ஆகவே விற்கப் புறப்படும் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. “இந்த ஆடையை மறுமுறையும் இதேபோலச் செய்து, சொன்ன விலைக்கு, சொன்ன நாளில் என்னால் கொடுக்க இயலுமா?” இயலும் என்று கணக்குடன் கூற முடிந்தால்தான் அது சரக்கு. அதுவரை அது மாதிரியே. இவ்வாயத்தத்தின் படிகளை இங்கு ஒவ்வொன்றாகக் காண்போம்.

தொகுப்பு

கடைக்காரர் ஓர் ஆடையை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்வதில்லை. ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் ஆடைகளின் வரிசையையே விரும்புகின்றார். இவ்வரிசையே தொகுப்பு எனப்படும். புதிதாகத் தொடங்குவோர் 8 முதல் 12 வடிவங்களோடு நிறுத்திக்கொள்வது நலம். அவற்றை இரண்டு அல்லது மூன்று வகைத் துணியிலும், நான்கு நிறங்களுக்கு மேற்படாமலும் அமைக்க வேண்டும். ஒரே பாவில் ஊடை நிறத்தை மட்டும் மாற்றி மூன்று வகைத் துணி நெய்துகொள்வது நெசவாளர் யாவரும் அறிந்த சிக்கன முறை. வகை பெருகப் பெருக நூலும் சாயமும் சிறுசிறு அளவில் வாங்க நேரிட்டு, அடக்க விலை ஏறிவிடும். மீந்த துணியும் முடங்கிப்போகும்.

யாருக்காக இவ்வாடை என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் செல்லும் பெண்ணுக்கா, பள்ளிக் குழந்தைக்கா, திருமண வீட்டுக்கா என்பது தெளிவானால்தான் துணியின் கனமும் விலையும் செல்லவேண்டிய கடையும் தெளிவாகும்.

மாதிரியும் சோதனையும்

துணியின் குணத்தை அறியாமல் ஆடையின் அளவைக் கூற இயலாது. இதற்குப் பெரிய சாதனங்கள் தேவையில்லை. துணியில் 50 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள சதுரம் ஒன்றைச் சாயம் போகாத நூலால் குறித்து, வீட்டில் துவைப்பது போல மூன்று முறை துவைத்துக் காயவைத்து மீண்டும் அளக்க வேண்டும். 50 செ.மீ. என்பது 47 ஆகக் குறைந்திருந்தால் துணி 6 சதவீதம் சுருங்குகின்றது என்று பொருள். அத்துணியில் 100 செ.மீ. நீளத்தில் தைத்த ஆடை 94 செ.மீ. ஆகிவிடும். வாங்கியவர் மறுமுறை அக்கடைக்கு வரமாட்டார். எனவே துணியை முன்னதாகவே நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டலாம். அல்லது சுருக்கத்துக்கு இடம் விட்டு வெட்டலாம்.

சாயத்தின் உறுதியை அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் ஆடையைப் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் படிந்தால் சாயக்காரரிடம் திரும்பச் செல்ல வேண்டியதே. மற்றொன்றும் முக்கியமானது. ஒரு தொட்டியில் இட்ட சாயமும் மறுநாள் இட்ட சாயமும் ஒரே நிறமாக அமைவது அரிது. ஆர்டருக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் சாயமிடுவித்து, சாயத்தின் அளவு, நீரின் அளவு, நேரம் ஆகியவற்றை எழுதி, அந்நூலின் சிறு துண்டொன்றையும் குறிப்பேட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.

ஆடையின் அளவுகளையும் “சின்னது, பெரியது” என்று வாய்மொழியாகக் கூறாமல், எஸ், எம், எல் என்ற ஒவ்வோர் அளவுக்கும் மார்பு, தோள், நீளம், கை ஆகியவை இத்தனை செ.மீ. என்று அட்டவணை எழுதி வைக்க வேண்டும். வெட்டுவதற்கான தாள்களைக் கெட்டியான அட்டையில் வெட்டி, எண்ணிட்டு, ஆணியில் மாட்டி வைத்தால், யார் வெட்டினாலும் அளவு மாறாது. வடிவமைத்தவரின் மனத்தில் மட்டும் இருக்கும் அளவு, அவர் காய்ச்சலில் படுத்தால் தானும் படுத்துவிடும்.

அடக்க விலைக் கணக்கு

நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நஷ்டமடைகின்றனர். துணியின் விலையையும் தையற்கூலியையும் கூட்டி, மேலே சிறிது வைத்து விலை கூறிவிடுகின்றனர். முறையான கணக்கு எவ்வாறு அமையும் என்பதை எடுத்துக்காட்டாக ஒரு குர்த்தாவைக் கொண்டு காண்போம். தொகைகள் இடத்துக்கு இடம் மாறும், முறை மாறாது.

கைத்தறித் துணி 2½ மீட்டர், மீட்டர் 180 ரூபாய் வீதம்: ரூ. 450.
சுருக்கம், வெட்டுக் கழிவு: ரூ. 25.
பட்டன், நூல், உள்துணி: ரூ. 30.
வெட்டும் கூலியும் தையற்கூலியும்: ரூ. 180.
இஸ்திரி, பெயர்த்துணி, உறை: ரூ. 25.
மின்சாரம், இடவாடகை, இயந்திரப் பழுது, வண்டிச் செலவு ஆகியவற்றின் பங்கு: ரூ. 40.

இவற்றின் கூட்டுத்தொகை 750 ரூபாய். இதனோடு மாதிரிகள் செய்த செலவும் சேர வேண்டும். தொகுப்புக்கான மாதிரிகளுக்கு 6,000 ரூபாய் செலவாகி, அத்தொகுப்பில் 120 உருப்படிகள் விற்கும் என எதிர்பார்த்தால், உருப்படிக்கு 50 ரூபாய் ஆகின்றது. ஆகவே அடக்க விலை 800 ரூபாய். வடிவமைப்பாளரின் உழைப்புக்கும் இலாபத்துக்குமாக அதன்மீது 25 சதவீதம், அதாவது 200 ரூபாய் வைத்தால், மொத்த விலை 1,000 ரூபாய்.

துணிக்கு 450, கூலிக்கு 180 என்று 630 ரூபாய் மட்டும் கணக்கிட்டு, 700 ரூபாய்க்கு விற்றவர் 70 ரூபாய் இலாபம் என்று மகிழ்வார். உண்மையில் அவருக்கு உருப்படிக்கு 100 ரூபாய் நஷ்டம். 50 உருப்படிகள் விற்றால் 5,000 ரூபாய் நஷ்டம். விற்பனை பெருகப் பெருகக் கடனும் பெருகும் விந்தையின் காரணம் இதுவே. இத்தகைய நஷ்டத்தை ஈடுகட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கணக்கில் எழுதாமல் செய்யும் உழைப்பாகும். ஆகவே வீட்டார் செய்யும் தார் சுற்றுதல், பட்டன் தைத்தல் போன்ற வேலைகளுக்கும் கூலியிட்டே கணக்கெழுத வேண்டும்.

கடைக்காரர் 1,000 ரூபாய்க்கு வாங்கி 1,800 ரூபாய்க்கு விற்பதைக் கண்டு மனம் புழுங்குவோர் உண்டு. கடை வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், விற்காமல் தங்கும் சரக்கு ஆகிய யாவும் அவ்விடைவெளியில் அடங்கியுள்ளன. அதே ஆடையை நாம் கண்காட்சியில் 1,000 ரூபாய்க்கே விற்போமானால், கடைக்காரர் மறுமுறை நம்மிடம் வாங்கமாட்டார். நேரில் விற்கும்போதும் சில்லறை விலைக்கு நெருங்கிய விலையையே வைத்தல் வேண்டும். அவ்விடத்துப் போக்குவரத்தும் நாளெல்லாம் நின்று விற்கும் உழைப்பும் நம்முடைய செலவு அல்லவா?

வரியையும் மறத்தலாகாது. மாநிலத்துக்குள் பொருள்களை மட்டும் விற்போர், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. வெளிமாநிலத்துக்கு விற்பதற்கு விதிகள் வேறு. முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும். தைத்த ஆடைகளுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி 2,500 ரூபாய்க்கு மேற்படாதபோது 5 சதவீதமும், மேற்பட்டால் 18 சதவீதமும் வரி விதிக்கப்படுகின்றது. 2,600 ரூபாய் என்று விலை வைக்க எண்ணுவோர் இதனை யோசித்து முடிவு செய்வது நன்று.

எவ்வளவு தர இயலும்?

இரண்டு தையல் இயந்திரங்களில் நாளைக்கு 6 உருப்படிகள் தைக்கலாம் என்று கொள்வோம். மாதம் 25 வேலை நாட்களில் 150 ஆகின்றது. ஆனால் அதற்கு 375 மீட்டர் துணி வேண்டும். ஒரு தறியில் நாளைக்கு 4 மீட்டர் நெய்தால் மாதத்தில் 100 மீட்டரே கிடைக்கும். அது 40 உருப்படிகளுக்கே காணும். தறி இரண்டாயின் 80 உருப்படிகள். தையலில் 150 முடியும் என்று நம்பி வாக்களித்தவர் துணிக்காகக் காத்திருக்க நேரிடும். வரப்பில் தாழ்ந்த இடம் எதுவோ அதுவரைதான் வயலில் நீர் நிற்கும். அதுபோல, வேலையில் எப்பகுதி மிக மெதுவாக நடக்கின்றதோ அதனைக் கொண்டே வாக்களிக்க வேண்டும். அதிலும் திருமணம், திருவிழா, நோய் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, 80 முடியுமிடத்தில் 65 என்று ஒப்புக்கொள்வதே விவேகம்.

காலத்தையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஐப்பசியில் தீபாவளி. கடையில் சரக்கு ஆவணிக் கடைசியிலாவது இருந்தாக வேண்டும். ஆடியிலும் ஆவணி முற்பாதியிலும் நெசவும் தையலும் நடைபெற வேண்டும். ஆனியில் ஆர்டர் கைக்கு வரவேண்டும். சித்திரை, வைகாசியில் மாதிரிகளோடு கடைகளுக்குச் செல்ல வேண்டும். ஆகவே பங்குனியிலேயே நூலும் சாயமும் தயாராக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் கஞ்சிப் பாவு காய்வதும் குழித்தறியில் அமர்வதும் எவ்வளவு கடினம் என்பதை நெசவாளர்கள் நன்கறிவார்கள். பொங்கலுக்கு வேண்டிய துணியைக்கூட அம்மழைக்கு முன்னரே நெய்து வைப்பது நலம்.

கடைக்காரரிடம் செல்லும்போது

மாதிரிகளோடு விலைப்பட்டியல் ஒன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண், தெளிவான படம், துணியின் வகை, கிடைக்கும் நிறங்கள், அளவுகள், மொத்த விலை, சில்லறை விலை, ஒரு தடவைக்குக் குறைந்தது எத்தனை உருப்படிகள் எடுக்க வேண்டும், ஆர்டர் பெற்ற எத்தனை நாட்களில் சரக்குத் தரப்படும், எவ்வாறு துவைக்க வேண்டும் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். படத்துக்குப் பெரிய செலவு வேண்டுவதில்லை. காலை வெயிலில் வெள்ளைச் சுவரின் முன் எடுத்த படமே போதும். ஆடையின் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும் என்பதே முக்கியம்.

எல்லாக் கடைகளுக்கும் செல்வதில் பயனில்லை. முதலில் வாங்குபவராகச் சென்று பார்த்து, நம்முடைய விலைக்கும் வகைக்கும் ஏற்ற சரக்கு உள்ள ஐந்தாறு கடைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், மகளிர் குழுக்களின் பொருள்களுக்கான ‘மதி’ விற்பனை நிலையங்கள், பூமாலை வணிக வளாகங்கள், கண்காட்சிகள் ஆகியவற்றையும் விசாரித்தறிய வேண்டும். கண்காட்சியில் எவ்வாடையைப் பலர் எடுத்துப் பார்த்து வாங்காமல் வைத்துச் சென்றனர் என்பதையும் குறித்துவந்தால், அடுத்த தொகுப்புக்கு அதுவே நல்ல வழிகாட்டி.

பணம் வந்து சேர

மேற்கண்ட கணக்கின்படி 60 உருப்படிகளுக்கு 45,000 ரூபாய் முன்னதாகச் செலவாகும். ஒரு மாதம் உற்பத்தி, பின்னர் 45 நாள் தவணை என்றால், இரண்டரை மாதம் அப்பணம் முடங்கும். ஆகவே விலையில் பாதியான 30,000 ரூபாயை முன்பணமாகக் கேட்பதில் கூச்சம் கூடாது. “விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு திரும்ப” என்னும் ஏற்பாட்டில் புதியவர்கள் சிக்கிக்கொள்ளலாகாது. தவிர்க்க முடியாதபோது சில உருப்படிகளை மட்டும் கொடுத்து, எண்ணிக்கை, கெடு, அழுக்கடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை எழுதிக் கையொப்பம் பெற வேண்டும்.

உத்யம் பதிவு செய்துகொள்வது மிக அவசியம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இப்பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு, சிறு தொழில் செய்வோரிடம் சரக்கை ஏற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர். தவறினால் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். இதற்கென உள்ள வசதியாக்கக் குழுவிடம் முறையிடும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். ஆனால் சரக்கு ஒப்படைத்ததற்கான கையொப்பமிட்ட சீட்டு இல்லாவிட்டால் சட்டம் இருந்தும் பயனில்லை.

பெயரும் உரிமையும்

புதிய வடிவத்தைப் பிறர் நகல் எடுப்பர் என்னும் அச்சம் நியாயமானதே. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வெளியிடுமுன்னரே விண்ணப்பிக்க வேண்டும். கண்காட்சியில் காட்டிவிட்டுப் பின்னர் விண்ணப்பிப்பது கதவு திறந்த பின் பூட்டுத் தேடுவதாகும். எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. தொகுப்பில் உயிராயுள்ள ஓரிரண்டு போதும்.

நாமும் பிறர் பெயரை எடுத்தாளலாகாது. காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம், 2019இல் பதிவான கண்டாங்கிச் சேலை ஆகியவை புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள். அவற்றை உரிமையின்றிப் பயன்படுத்துவது குற்றம். 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையை விசைத்தறித் துணியில் ஒட்டுவதும் அவ்வாறே. உண்மையாகவே கைத்தறியில் நெய்வோர் அம்முத்திரையை முறைப்படி பெற்றுக்கொண்டால், ஆடையை வாங்குவோருக்கு நம்பிக்கை பிறக்கும்.

கட்ச் மாவட்டத்தின் அனுபவம்

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் யோசனைகள் அல்ல. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், மரபுவழி நெசவாளருக்கும் அச்சுத்துணிக்காரருக்கும் பூவேலை செய்யும் பெண்களுக்குமாகவே கலா ரக்ஷா வித்யாலயா என்னும் வடிவமைப்புப் பள்ளி 2005இல் தொடங்கப்பெற்றது. ஓராண்டில் இரண்டு வாரம் வீதம் ஆறு முறை பாடம். இடையில் வீடு திரும்பித் தம் தறியிலேயே பயிற்சி. நிறமும் அடிப்படை வடிவமைப்பும் மட்டுமன்றி, சந்தையை அறிதல், தொகுப்பைச் செப்பமாக முடித்தல், அதனை வாங்குவோர் முன் வைத்தல் ஆகியவையும் அங்கே பாடங்களாயின. கைத்திறன் வாய்ந்தவர்களுக்கும் விற்பனைக்கு ஆயத்தமாவது தனியே கற்கவேண்டிய கலை என்பதை இது உணர்த்துகின்றது. நம் மாநிலத்திலும் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய இடங்களிலுள்ள நெசவாளர் சேவை மையங்களில் வடிவம், சாயம் பற்றிய ஆலோசனை பெறலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

ஊராட்சியின் உதவி பணமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. பயன்படாமல் கிடக்கும் ஊராட்சிக் கட்டடத்தில் ஈரம் படாத அறை ஒன்றைத் துணி வைக்கவும் வெட்டவும் ஒதுக்கலாம். நெசவாளர் தெருவில் மழைநீர் குழித்தறிக்குள் புகாதவாறு வடிகால் அமைக்கலாம். சாயக் கழிவுநீர் கிணற்றிலும் வாய்க்காலிலும் கலவாதவாறு கண்காணிப்பது விவசாயிகளின் நலத்துக்கும் உகந்தது. ஊரில் எத்தனை தறிகள், எத்தனை தையல் இயந்திரங்கள், யார் யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற பதிவேடு ஒன்று இருந்தால், பெரிய ஆர்டர் வரும்போது ஒருவர் திண்டாடாமல் நால்வர் பகிர்ந்துகொள்ளலாம். உத்யம் பதிவுக்கும் விலைப்பட்டியல் எழுதுவதற்கும் படித்த இளைஞர்கள் உதவலாம்.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. பருத்தி நம் நிலத்தில் விளைவது. திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிட்டு நீலச்சாயம் எடுக்கின்றனர். அறுவடை முடிந்த காலத்தில் வீட்டிலிருக்கும் கைகளுக்கு வேலை தருவதும் இத்தொழிலே.

வரும் தீபாவளிக்கு விற்க எண்ணுவோர், கடையைத் தேடிப் புறப்படுமுன் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, துணியை நனைத்து அளந்து, ஓர் உருப்படியின் அடக்க விலையை முழுமையாக எழுதிப் பார்ப்பார்களாக. ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் அத்தகையோர் எவர் என்று கண்டறிந்து, அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே அவர்களுக்கு வேண்டிய அறையையும் வடிகாலையும் பற்றிப் பேசுவார்களாக.